மாடி போர்ஷனும் வாஸ்து மீனும்

வாங்க தம்பி. செருப்ப வெளியவே விட்டுட்டு, அந்த வாளித் தண்ணியில கால நனச்சிட்டு வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமை, வீடு பூரா இப்பதான் தொடச்சு முடிச்சேன். மாடி போர்ஷன் பாக்கத்தான வந்தீங்க? சாவிய எங்க வீட்டுக்காரரு எங்கயோ வச்சுட்டுத் தேடிக்கிட்டிருக்காரு. கெடைக்கட்டும், மேல போயிப் பாக்கலாம். அதுவரைக்கும் ஒக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஆடும். இதுல ஒக்காருங்க, மீன் தொட்டிக்கு எதிர்ல.

மாடியில ஒரு குறை சொல்ல முடியாது. ரெண்டு ரூம்பு, ஒரு சமையக்கட்டு. தென்னூர்லயே இப்படிக் காத்து வர்ற வீடு பாக்க முடியாது. காவேரித் தண்ணி காலையிலயும் சாயந்திரமும் வருது. ஒரு சுவத்துல விரிசல் கெடையாது, ஒரு குழாய் ஒழுகாது. அப்படி வச்சிருந்தா முன்னாடி குடியிருந்தவ. அத மட்டும் சொல்லணும்.

அப்புறம் ஏன் இத்தன மாசமா காலியா கெடக்குன்னு நெனைக்கிறீங்க. நீங்க கேக்கல, உங்க மூஞ்சி கேக்குது. வர்றது எதுவும் சரிப்பட்டு வரல தம்பி. ஒருத்தன் வந்தான், நாய் வளக்குறானாம். ஒரு பொண்ணு வந்துச்சு, நல்ல பொண்ணுதான், பேங்குல வேல. ஆனா சிரிச்சா தெரு முனைக்குக் கேக்குது. இவரு சொல்றாரு, ஒனக்கு யாரையும் குடிவைக்க மனசில்ல, வீணா அந்த வாடகை போர்ட ஏன் தொங்கவிட்டு வர்றவன் போறவன் நேரத்த வாங்குறன்னு. எனக்கென்ன மனசில்லாம? வாய் இருக்குன்னு பேசுறாரு.

அந்த டப்பாவத்தான பாக்குறீங்க? பில்டர். மீன் தொட்டித் தண்ணிய வடிகட்டுறது. காலையில கழட்டி வச்சேன். நாத்தம் அடிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கங்க. அடுப்புல சுடுதண்ணி ஏத்தியிருக்கேன். கொதிச்சதும் ஊத்தி, பிளீச்சிங் பவுடர் ஒரு கை போட்டு ஊற வச்சேன்னா வெள்ள வெளேர்னு வந்துடும். அஞ்சாறு மாசமா கழுவாத பஞ்சு தம்பி. பாருங்களேன், சேத்துல கெடந்த கோணி மாதிரி. என் கை மட்டும் நல்லா இருந்திருந்தா இந்தக் கதிக்கு விட்டிருப்பேனா?

என்னமோ சொல்ல வந்தீங்க. இருங்க, அப்புறம் சொல்லுங்க. இல்லன்னா எனக்கு மறந்து போயிரும்.

மீன் வளக்கணும்னு எனக்கு ஆசையெல்லாம் கெடையாது. எம் மருமகளுக்கு மொதல்ல ஒண்ணு உண்டாகி, தங்காமப் போயிருச்சு. அந்தப் புள்ள சொவத்தப் பாத்துப் படுத்தே கெடந்துச்சு. அப்பதான் எம் பையன் யாரோ வாஸ்து பாக்குறவர்கிட்ட கேட்டிருக்கான். ஈசான மூலையில பிளவர்ஹார்ன் மீன் வைங்க, வீட்டுக்கு வர்ற கண்ணு திருஷ்டியெல்லாம் அது மேல வாங்கிக்கும்னு சொல்லியிருக்காரு. நெத்தியில பெருசா கட்டி மாதிரி புடைச்சுக்கிட்டு இருக்கும், பாருங்க, இதான். இது செத்துப் போச்சுன்னா நமக்கு வர இருந்தத அது வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம். ஒடனே வேற வாங்கி விட்டுறணும். தொட்டி காலியா இருக்கக் கூடாது.

செத்துச்சு தம்பி. வாங்குன வாங்குன மீனு செத்துச்சு. எத்தனன்னு கேக்காதீங்க, எனக்கே எண்ண அலுப்பா இருக்கு. அந்த மீன் கடக்காரன் எம் பையனப் பாத்தாலே வலைய எடுத்துருவான்.

நான் தொட்டிய எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம சாமி ரூம்பு எப்படியோ அப்படி. விடிகாலையில மீன ஒரு குண்டான்ல எடுத்து விட்டுட்டு, தண்ணி முழுசையும் எறச்சுக் கொட்டிருவேன். கூழாங்கல்ல அரிசி களையிற மாதிரி களஞ்சு, பில்டர் பஞ்சு, உள்ள இருக்குற அந்த வளையம் வளையமான பீங்கான் துண்டு, எல்லாத்தையும் கொதிக்கக் கொதிக்க ஊத்தி, பிளீச்சிங் போட்டுத் தேச்சு, மாடியில வெயில்ல காய வச்சு, மொறுமொறுன்னு ஆனப்புறம்தான் உள்ள போடுவேன். கொழாத் தண்ணிய பளிங்கு மாதிரி ரொப்புவேன். கடக்காரன் வீட்டுத் தொட்டியக் கூட அப்படிப் பாத்திருக்க மாட்டீங்க.

நான் எல்லாத்துலயும் அப்படித்தான். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து என் பாத்திரத்துல ஒரு சொட்டு பழசு நிக்காது. தயிர்ச் சட்டியக் கூட அன்னன்னிக்குப் புளி போட்டுத் தேச்சுக் கவுத்திருவேன். ஒற மோர் வேணும்னா மேல போயி ஒரு கரண்டி வாங்கிக்குவேன். அவ வச்சிருப்பா எப்பவும். மூடி போட்ட சின்ன கிண்ணத்துல. 'இந்தா சௌந்தரம், ஒன் கரண்டி'ம்பா. தனியா எனக்குன்னு எடுத்து வச்சிருப்பா.

அவதான். பாக்கியம். மாடியில இருந்தவ. தனபாக்கியம்னு முழுப் பேரு. சத்துணவு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. எம் பையன் அரை டவுசர் போட்டுக்கிட்டு பள்ளிக்கூடம் போனப்ப குடி வந்தா. அவ குடி வந்த வீட்ல அவனுக்குக் கல்யாணம் வரைக்கும் பாத்துட்டா. புருஷன் இல்ல, புள்ள இல்ல. தாலி இல்லாதவளை வெள்ளிக்கிழம வீட்டுக்குள்ள விடாதன்னு எங்க நாத்தனார் சொன்னப்ப, நீ உன் வீட்ல பாரு, என் வீட்ல எனக்குத் தெரியும்னு சொன்னவ நான். எழுதி வச்சுக்கங்க. நான் அதெல்லாம் பாக்குற ஆளே இல்ல.

வெள்ளிக்கிழம வெளக்கேத்துனதும் கீழ வந்துருவா. உதிரிப் பூவ மடியில கொட்டிக்கிட்டு, இப்ப நீங்க ஒக்காந்திருக்கீங்களே, இதே எடத்துல ஒக்காந்து கட்டுவா. எஞ் சாமி படங்களுக்கெல்லாம் பூ அவ கட்டுனதுதான். கட்டிக்கிட்டே தொட்டியப் பாத்துக்கிட்டிருப்பா. 'கண்ணாடி மாதிரி வச்சிருக்க சௌந்தரம்'ம்பா. வாயாலயே சொல்லுவா தம்பி. 'என்ன அழகா நீந்துது பாரேன், பாத்துக்கிட்டே இருக்கலாம் போல'ன்னு.

மறுநாளே மீன் ஒடுங்கிரும். சனிக்கிழம தீனி திங்காது. ஞாயித்துக்கிழம மூலையில போயி நின்னுக்கும். அப்புறம் எடுத்துத் தென்னமரத்தடியில பொதைக்கிறதுதான்.

மொதல்ல எனக்குத் தோணல, சத்தியமா. அக்கம்பக்கத்துல ஒருத்தி சொன்னா, யார் யார் வந்து பாக்குறாங்கன்னு கவனிங்கக்கான்னு. கவனிச்சேன். வேற யாரு வர்றா இந்த வீட்டுக்கு? வெள்ளிக்கிழம சாயந்திரம் அவ வர்றா, ஞாயித்துக்கிழம மீன் சாவுது. ஒரு தடவன்னா விட்டுரலாம். ரெண்டு தடவன்னா விட்டுரலாம். தவறாம இப்படி நடந்தா யாருக்குத்தான் மனசு கேக்கும்? நீங்களே சொல்லுங்க.

இல்ல, நீங்க இப்ப சொல்ல வேணாம். நான் சொல்லி முடிச்சிர்றேன்.

மருமக மறுபடியும் உண்டானா. எனக்குத் தூக்கமே போச்சு. தங்கணுமே, தங்கணுமேன்னு. ஏழாம் மாசம் வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு. அந்த வாரந்தான், நல்லா கையகலம் வளந்ததாப் பாத்து வாங்கி விட்ட மீனு, செத்து மெதக்குது. மருமக வயித்தப் புடிச்சுக்கிட்டு தொட்டிகிட்ட நிக்குறா. அந்த மூஞ்சியப் பாத்தப்புறம் என்னால முடியல தம்பி. வளைகாப்புக்கு மொத நாள் சாயந்திரம் மேல ஏறிப் போனேன்.

பாக்கியம் புளி கரைச்சுக்கிட்டிருந்தா. வளைகாப்புக்கு புளியோதர அவ பொறுப்புன்னு முன்னாடியே பேசியிருந்தோம், அவ கைப்பக்குவம் அப்படி. நான் வாசப்படியிலயே நின்னுக்கிட்டு சொன்னேன். 'நாளைக்கு நீ கீழ வராத பாக்கியம். சாப்பாட்ட மேலயே குடுத்து விடுறேன்'னேன். ஏன்னு கேக்கல. புளியிலேர்ந்து கைய எடுக்காம என்னைப் பாத்தா. நான்தான் சொன்னேன், 'உன்னக் குத்தம் சொல்லல. நீ வந்து பாத்தா மீன் தங்க மாட்டேங்குது. கொழந்தையாவது தங்கணும்'னு. 'சரி சௌந்தரம்'னா. அவ்வளவுதான். ஒரு அழுக இல்ல, ஒரு சண்ட இல்ல. சரின்னா. அந்தச் சரியில இருக்குற திமிரப் பாருங்க.

விடிஞ்சு பாத்தா படிக்கட்டுல புளியோதர அண்டா இருக்கு. மூடி மேல ஒரு டஜன் கண்ணாடி வளையலு, பச்சயும் செவப்பும். அண்டாவ நான் தொறக்கவே இல்ல. தெருக் கூட்ட வந்தவங்ககிட்ட அப்படியே குடுத்துட்டேன். வளையல் பீரோவுல கெடக்கு. தூக்கிப் போடவும் கை வரல, என்ன பண்றதுன்னும் தெரியல. விடுங்க.

அடுத்த வாரமே காலி பண்ணிட்டா. பெரம்பலூர் பக்கம் அக்கா மகன் வீடு இருக்காம். ஒரு ஆட்டோவுல அடங்கிருச்சு அவ சாமானு. சாவிய இவர் கையில குடுத்துட்டு, என்கிட்ட 'வர்றேன்'னு சொன்னா. நான் அடுப்படியில இருந்தேன். எனக்குக் கேக்கலன்னு வச்சுக்கங்களேன்.

ஆட்டோ முக்கு திரும்பல, நான் ரெண்டு கொடம் தண்ணியத் தூக்கிட்டுப் போயி மாடிப்படிய அலச ஆரம்பிச்சுட்டேன். இவரு சத்தம் போட்டாரு. 'ஆளு போன கையோட படியக் கழுவுறியே, சாவு வீடாடி இது?'ன்னாரு. நான் காதுலயே வாங்கல. மேலேர்ந்து கீழ வரைக்கும் கழுவிக்கிட்டே வந்தேன், கடைசிப் படியில காலு வழுக்குச்சு. மணிக்கட்டு ரெண்டாப் போச்சு. போட்ட கட்டு கோணலாக் கூடி, திரும்பப் பிரிச்சு, தகடு வச்சு, எனக்குச் சக்கர வேற, ஆறவே இல்ல. இந்த வாரந்தான் டாக்டரு சொன்னாரு, இனிமே லேசா வேல பாக்கலாம்மான்னு.

ஒரு கை இல்லாம இருந்து பாத்தாத்தான் தெரியும். தல பின்ன முடியாது. இவரு பின்னி விட்டாரு, கயிறு திரிச்ச மாதிரி. அவ இருந்திருந்தா... சரி, அத விடுங்க.

என்ன சொல்ல வந்தேன்னா, அவ போனா, மீனு பொழச்சிருச்சு. அதான் விஷயம். அவ போன மறுநாள் எம் பையன் வாங்கியாந்து விட்டது இது. பாருங்க, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு. என் வெரலக் காட்டுனா பின்னாலயே வரும். கொழந்தையும் நல்லபடியா பொறந்துச்சு. பொண்ணு. மருமக கரூர்ல அவ அம்மா வீட்ல இருக்கா, அடுத்த மாசம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றோம். கொழந்த வர்றதுக்குள்ள வீட்டச் சுத்தமாக்கிரணும்னுதான் இன்னிக்கு பில்டரக் கழட்டுனேன். பொறந்த சேதி கேட்டு பாக்கியம் போன் பண்ணா. ரெண்டு தடவ அடிச்சுது. நான் எடுக்கல. கைதான் முடியலயே.

தொட்டியவா? இவருதான் பாத்துக்கிட்டாரு. பாத்துக்கிட்ட லட்சணத்தக் கேளுங்க. சோம்பேறி மனுஷன். ரெண்டு வாளித் தண்ணிய வெளிய மொள்ளுவாரு. அந்த அழுக்குத் தண்ணி வாளியிலயே பஞ்ச ரெண்டு முக்கு முக்கி, ஒரு பிழி பிழிஞ்சு, அப்படியே பழுப்பா திரும்ப உள்ள சொருகிருவாரு. பீங்கான் துண்டத் தொடவே மாட்டாரு. டிரம்முல ரெண்டு நாளாக் கெடக்குற தண்ணிய ஊத்தி ரொப்பிருவாரு. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு கத்துவேன், அழுக்க அழுக்குலயே கழுவுறீங்களே, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு. 'மீனு கேக்கலயே, ஒனக்கென்ன?'ம்பாரு.

சிரிக்கிறீங்க. சரி, இப்ப சொல்லுங்க. வந்ததுலேர்ந்து என்னமோ சொல்லத் துடிக்கிறீங்க. உங்க வீட்லயும் தொட்டி இருக்கா? அப்படியா.

என்னது? கழுவக் கூடாதா?

அழுக்கில்லையா அது? பின்ன? கிருமியா? கிருமின்னா கழுவத்தான தம்பி வேணும்... நல்ல கிருமியா. மீன் கழிக்கிறதுல வெஷம் கெளம்பும், அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, தண்ணி பளிங்கு மாதிரிதான் இருக்கும். சரி. இதுங்கதான் அந்த வெஷத்த முறிக்கும். அந்தப் பஞ்சுலயும் பீங்கான்லயும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும். சரி. கொதிக்கிற தண்ணி ஊத்துனா... ஆமா, சாகத்தான் செய்யும். பிளீச்சிங். வெயிலு. கொழாத் தண்ணியில கலக்குற குளோரின் மருந்துக்கே செத்துருமா?

தொட்டித் தண்ணியிலயேதான் அலசணுமா. லேசா. ஒரேயடியா எல்லாத்தையும் தொடக் கூடாது. அதத்தான இவரு... இவருக்கென்ன தெரியும். சோம்பேறித்தனத்துக்குப் பண்ணாரு.

என்ன மாதிரி? ஒற மோரு மாதிரியா.

சட்டியச் சுத்தமாத் தேச்சுட்டா நாளைக்குப் பால எத வச்சு ஒறைய வைப்பீங்கன்னா கேக்குறீங்க? மேலேர்ந்து வாங்கிக்குவேன்னு இப்பதான உங்ககிட்ட சொன்னேன். இப்ப பாக்கெட் தயிருதான் வாங்குறோம். அத ஒற ஊத்துனா பாலு ஒறைய மாட்டேங்குது. நூல் நூலா இழுக்குது.

இல்ல தம்பி, நீங்க படிச்ச புள்ள, ஏதோ சொல்றீங்க. ஆனா நான் கண்ணால பாத்தவ. செவுளா? செத்த மீனுக்குச் செவுளு ரத்தச் செவப்பா இருந்துச்சாவா? இருந்துச்சு. சாகறதுக்கு முன்னாடி மேல வந்து வாயத் தொறந்து தொறந்து... ஆமா. காத்துக்குத் தவிக்கிற மாதிரி. நான் அத உங்ககிட்ட சொல்லவே இல்லயே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லா மீனுக்குமா? கழுவுன மறுநாள்லேர்ந்தா?

அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. அவ போனதுலேர்ந்து இந்த மீனு நல்லாருக்கே, அதுக்கென்ன சொல்றீங்க? அவ போனா, மீன் பொழச்சுது. அதே நாள்லேர்ந்து. அன்னியிலேர்ந்துதான்...

கை. ஆமா. கையும் அன்னிக்குத்தான்.

கொஞ்சம் இருங்க தம்பி.

ஏங்க, அந்த அடுப்ப நிறுத்துங்க. கேக்குதா? சுடுதண்ணி வேணாம். நிறுத்துங்கன்னா நிறுத்துங்க, காரணம் கேக்காதீங்க.

இங்க பாருங்க தம்பி. நீங்க நல்ல புள்ள, மனசுல ஒண்ணும் வச்சுக்காம சொன்னீங்க. ஆனா இத இவர்கிட்ட சொல்லிடாதீங்க. எம் பையன் வந்து கேட்டாலும் சொல்லாதீங்க. கண்ணுன்னே இருக்கட்டும். கண்ணுதான் அது, நான் பாத்தேன். வெள்ளிக்கிழம சாயந்திரம் அவ இங்க ஒக்காந்து பாத்ததை நான் பாத்தேன். அழகா இருக்குன்னு சொன்னா. சும்மாதான் சொன்னா, ஆனா சொன்னா. கண்ணுன்னு இருந்தா நான் பண்ணதுக்கு ஒரு காரணம் இருக்கு. பஞ்சுன்னு ஆச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன், சொல்லுங்க. இந்த வயசுக்கு மேல. வேணாம். கண்ணாவே இருக்கட்டும்.

காப்பி குடிக்கிறீங்களா? இல்லயா. சரி.

நீங்க ஒரு ஒத்தாச பண்ணுங்க. அந்தப் பஞ்ச எடுத்து, இருக்குற மாதிரியே உள்ள வச்சிருங்க. கழுவ வேணாம். அந்தப் பீங்கான் துண்டையும். எனக்குக் கை இன்னும் சரியா வரல, நான் தொட வேணாம். காலையிலேர்ந்து வெளியவே கெடக்குதே, இன்னும் உசுரு இருக்குமா அதுல? ஈரமா இருக்குறதால இருக்கும்ங்குறீங்க. வச்சுப் பாருங்க. ஆங், அப்படித்தான். சுச்சு அந்தப் பக்கம்.

ஓடுது.

ஏங்க, சாவி கெடச்சுருச்சா? அங்கயே வைங்க. இல்ல, தம்பிக்குக் காட்ட வேணாம். மேல குழாய் ஒழுகுது. ஆமாங்க, ஒழுகுது, எனக்குத் தெரியும். சுவத்துலயும் வெடிப்பு இருக்கு. இப்போதைக்குக் குடிவைக்கிற மாதிரி இல்ல. மன்னிச்சுக்கங்க தம்பி, வெயில்ல உங்கள வரவச்சு அலைக்கழிச்சுட்டேன். உங்க குணத்துக்கு நல்ல வீடாக் கெடைக்கும்.

போறப்ப கேட்டுல தொங்குதே, அந்த போர்டு, அதக் கொஞ்சம் கழட்டி உள்பக்கமா சாத்தி வச்சுட்டுப் போயிருங்க. உங்களுக்கு எட்டும். இவருக்கு எட்டாது, எனக்குக் கை ஏறாது. அது கம்பி போட்டு முறுக்கியிருக்கும், கொஞ்சம் பொறுமையா பிரிச்சீங்கன்னா வந்துரும்.